சாமியோட காய்

என் உம்மணாமூஞ்சிக்கு,

உங்கள் மனைவி எழுதுவது. நானும் மகளும் நலம் என்று எழுதத்தான் வேண்டும், கை வரவில்லை. உங்கள் நலம் கேட்கவும் வழியில்லை, நீங்கள் செத்து ஏழு மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது என் புலம்பலைப் பாதியில் விட்டு எழுந்து போவீர்கள். இப்போது முழுசாகக் கேளுங்கள்.

நான் வீட்டு வேலை பார்க்கிற புரொபசர், அதாவது நாற்பது வருஷமாகக் கவிதை சொல்லிக்கொடுக்கிறவர், நம் மகளைக் கல்லூரி மேடையில் ஏற்றிவிட்டார். இருநூறு வருஷத்துக்கு முந்தின இங்கிலீஷ் ரொமாண்டிக் கவிஞர்களுக்கு விழாவாம். நானும் ஏதோ காதல் சமாசாரம் என்று பயந்தேன், அதெல்லாம் இல்லை, புல்லையும் குழந்தையையும் பாடுவார்களாம், குழந்தை மனசில் கடவுள் குடியிருக்கிறார் என்பார்களாம், அதில் எத்தனை பேர் ஒரு பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிட்டிருப்பார்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். "எட்டு வரிதாம்மா, ஒப்பிச்சா போதும்" என்று கெஞ்சினார், அரிக்கிற வெள்ளைக் கவுன் ஒன்றும் வாங்கித் தந்தார், நானும் தலையாட்டித் தொலைத்தேன். மைக்கைப் பிடித்தவள், "சொல்ல மாட்டேன். சாமியோட நான் காய். எங்கப்பாவத் திருப்பி அனுப்பச் சொல்லி மூணு தடவ கேட்டேன். அனுப்பல. இனிமே பேச மாட்டேன்" என்றாள். எனக்கே அப்போதுதான் தெரியும். அந்த மனுஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்தீங்களா, எவ்வளவு களங்கமில்லாத பக்தி!" என்றார். கூட்டமே கை தட்டியது. தன்னைக் கேலி செய்கிறார்கள் என்று இவள் ஓவென்று அழுதாள். நான் செருப்போடு மேடை ஏறினேன்.

"சார், அது பக்தி இல்ல, சண்ட. ஏழு வயசுப் புள்ள அப்பன் இல்லாம கோவத்துல நிக்குது, நீங்க அதப் பக்திங்கிறீங்க. நாப்பது வருஷமா என்னத்தப் படிச்சீங்க?"

இனி அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன். அவர் புத்தகத்து மேல் ஒரு முழம் தூசி ஏறட்டும்.

அங்கே என் மாமியார் எதிர்ப்பட்டால் வணக்கம் சொல்லவும். உங்களுக்கு ஒன்றும் கிடையாது, கோபம் தீரவில்லை.

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்போடு நின்றுபோன உங்கள் மனைவி

பின்குறிப்பு: மேலே திட்டியதையெல்லாம் அடித்துவிடவும். இன்று காலை புரொபசர் வந்தார். நாற்காலி போட்டேன், அதில் உட்காராமல் மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"எத்தன நாளைக்கும்மா காய்?"

"அப்பா வர்ற வரைக்கும்."

அவர் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார். பிறகு, "எனக்கும் ஏழு வயசுல அம்மா போயிட்டாங்க. நானும் கேட்டுப் பாத்தேன். இப்ப நானும் சாமியோட காய் விடலாமா?" என்றார்.

"விடலாம் தாத்தா. ஆனா நடுவுல பேசக் கூடாது."

நாளையிலிருந்து வேலைக்குப் போகிறேன். இரண்டு பேரும் ஒரே பிடியாக நிற்கிறார்கள். நான் ஒருத்திதான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தண்ணீரைத் திறந்துவிட்டு, திருட்டுத்தனமாகக் கும்பிடுகிறேன். நான் யார் பக்கம் சேரட்டும், சொல்லுங்கள்?