மஞ்சப்பையில் அப்பா, வாசலில் நான்

மீசையை எடுத்தால் ஆம்பளைக்கு அடையாளமே போய்விடும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். சும்மா வாய்ப்பேச்சு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்பாவின் கருமாதியை முடித்துவிட்டு, மொட்டைத் தலையும் மழித்த முகமுமாக ஏர்போர்ட் வாசலில் போய் நின்ற அன்றைக்குத்தான் அது எவ்வளவு நிஜம் என்று தெரிந்தது.

எனக்கு அறந்தாங்கியில் வீடு. பம்புசெட் கம்பெனியில் விற்பனை வேலை. அடிக்கடி பிளேன் ஏறுவேன். (ஏறுவது ஊருக்கே தெரியும்படி ஏறுவேன்.) வரிசையில் நிற்காமல், காமிராவுக்கு முகத்தைக் காட்டினால் கதவு திறக்கும் என்று ஒரு ஆப் வந்ததும் ஓடிப்போய் முகத்தைப் பதிந்தேன். உங்கள் முகத்தை எடுக்கலாமா, வைத்துக்கொள்ளலாமா என்று பக்கம் பக்கமாகக் கேட்டது. ஒரு வரி படிக்கவில்லை. சம்மதம், சம்மதம், சம்மதம். என் கல்யாணத்தில்கூட யாரும் என்னிடம் இத்தனை தடவை சம்மதம் கேட்டதில்லை. அந்தப் படத்தில் எனக்குச் சுருட்டை முடி, முறுக்கிவிட்ட மீசை, கொஞ்சம் தாடி வேறு.

அப்புறம் அப்பா போய்ச் சேர்ந்தார். நெஞ்சு வலிக்கிறது என்று சொன்ன அன்றைக்கே போய்விட்டார். அஸ்தியைக் காசியில் கரைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. கருமாதி முடிந்த கையோடு நானும் என் ஆத்தாவும் கிளம்பினோம். கலயத்தை மஞ்சப்பையில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு ஆத்தா காரில் வந்தது. வழிநெடுக என் பக்கம் திரும்பவே இல்லை. எதைக் கேட்டாலும் ஜன்னலைப் பார்த்துத்தான் பதில் சொன்னது. துக்கம், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

"நீ காயிதம் வச்சிருக்கிறவங்க வரிசையில போ ஆத்தா. நான் இங்கிட்டு விருட்டுன்னு உள்ள போயி ஒன்னையக் கூப்பிட்டுக்கிறேன்" என்றேன் பெருமையாக.

ஆத்தா டிக்கெட்டையும் ஆதார் அட்டையையும் நீட்டிவிட்டு, பையோடு உள்ளே போய்விட்டது. நான் காமிரா முன்னால் நின்றேன். சிவப்பு விளக்கு. மூக்குக் கண்ணாடியைக் கழற்றினேன். சிவப்பு. சிரித்துப் பார்த்தேன். (அப்பனைப் பறிகொடுத்தவன் ஒரு இரும்புப் பெட்டியைப் பார்த்து இளித்துக்கொண்டு நிற்கிறேன்.) அதற்கும் சிவப்புதான்.

வாசல் காவலர் வந்தார். வடக்கத்திக்காரர், தமிழ் தத்தித் தத்தி வந்தது. முகமே அட்டையாக இருக்கும்போது அட்டை எதற்கு என்று ஆதாரை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்த மேதை நான். செல்லில் இருந்த ஆதாரைத் திறந்து காட்டினேன். அதிலும் அதே மீசை. படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

அதே நேரம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் காவலர் ஆத்தாவை நிறுத்திவிட்டார்.

"பையில என்னம்மா?"

"எங்க வீட்டுக்காரருங்க."

"என்னது?"

"எங்க வீட்டுக்காரரு. காசிக்குக் கூட்டிட்டுப் போறோம்."

பையைத் திறக்கச் சொன்னார்கள். ஆத்தா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "கங்கையிலதேன் தெறக்கணும். எம் மகன்தேன் தெறக்கணும்" என்று அடம்பிடித்தது. இறப்புச் சான்றிதழும் சுடுகாட்டு ரசீதும் என் சட்டைப்பையில். நானோ வெளியே. பிளேனுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அப்பாவை மேஜையில் கொட்டிவிடுவார்களோ என்று பயந்து கண்ணாடியைப் போய்த் தட்டினேன்.

"ஆத்தா, பையக் குடுத்துராத!" என்று கத்திவிட்டேன்.

மொட்டையடித்த ஒருத்தன், யாரென்றே தெரியாதவன், பையைக் கொடுக்காதே என்று ஏர்போர்ட்டில் கத்தினால் என்ன நடக்கும்? இரண்டு துப்பாக்கிகள் வந்தன.

ஆத்தாவையும் வாசலுக்கே கூட்டிவந்தார்கள். "இவரு யாரும்மா?" என்று கேட்டார் பெண் காவலர். "எம் மூத்த மகன்" என்றது ஆத்தா, தரையைப் பார்த்துக்கொண்டே. நம்புகிற மாதிரியா இருக்கிறது? சுருக்குப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தது. அப்பாவுக்காக நாங்கள் அடித்த கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ். வழுக்கைத் தலையும் மழித்த முகமுமாக அப்பா. இவர் மகன்தான் இவன் என்று சொல்லத்தான் அதைக் காட்டியது.

வடக்கத்திக்காரர் தாளை வாங்கி என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். அவர் முகம் அப்படியே தெளிந்தது. மிஷினுக்குப் பிடிபடாதது அவருக்குப் பிடிபட்டுவிட்டது.

"இது நீ" என்றார். "நீ செத்துப் போச்சு."

ஆத்தா அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தது. அத்தனை நாளுக்கு அப்புறம் அன்றைக்குத்தான் நேராகப் பார்த்தது.

"நெசந்தேன்யா. அச்சு அசல் அவுகளேதேன். நீ முடியெறக்கிட்டு வந்து நின்ன அன்னையிலேருந்து ஒன்னையப் பாக்க முடியலப்பா என்னால" என்று சொல்லி, அந்த வாசலிலேயே பையோடு உட்கார்ந்து அழுதது. எனக்கும் உடைந்துவிட்டது. செத்த வீட்டில் ஆளுக்கு டீ போயிற்றா, பந்தல்காரன் வந்தானா என்று அலைந்ததில் நான் அழவே இல்லை. எல்லாவற்றையும் சேர்த்து அங்கே அழுதேன். துப்பாக்கிக்காரர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

கடைசியில் பெண் காவலர்தான் ஆதாரில் இருந்த அப்பா பேரையும் நோட்டீஸில் இருந்த பேரையும் ஒத்துப் பார்த்து, சான்றிதழை வாங்கிப் படித்து, எங்களை விட்டார். "திரும்பி வர்றப்பவும் இதே கதைதான் சார். மூஞ்சிய மாத்திப் பதிஞ்சிருங்க" என்றார். பிளேனில் உட்கார்ந்ததும், அழுது வீங்கிய அந்த மொட்டை முகத்தை ஆப்பில் பதிந்தேன். மறுபடியும் சம்மதம், சம்மதம். காசியில் அப்பாவை நல்லபடியாகக் கரைத்தோம்.

இன்றைக்கும் வீட்டு விசேஷத்தில் பந்தி என்றால் என் மச்சான் ஆரம்பித்துவிடுவார்: "செத்தவருக்கு மொதல்ல எலையப் போடுங்கப்பா, பசியோட இருப்பாரு." எல்லோரும் சிரிப்பார்கள், ஆத்தாவும்தான்.

எனக்கு முடியும் மீசையும் வளர்ந்துவிட்டன. காமிராவுக்கு மறுபடி என்னைத் தெரியாது. காயிதக்காரர்கள் வரிசையில்தான் நிற்கிறேன். சட்டம் படிக்கிற என் மகள் வரும்போதெல்லாம் சண்டை பிடிக்கிறாள். "ஒங்க மூஞ்சி எவன் எவன் கையில கெடக்கோ. படிக்காம சம்மதம் குடுத்துட்டு, இன்னும் அதை வச்சிருக்கீங்களே. மொதல்ல அழிங்கப்பா." அவள் சொல்வதுதான் நியாயம். அழிக்கிறேன்மா, அழிக்கிறேன்மா என்று காலத்தை ஓட்டுகிறேன்.

விளக்கு வைத்ததும் ஆத்தா வந்து என் செல்லைக் கேட்கும். ஆப்பைத் திறந்து அந்த மொட்டைப் படத்தைப் பெரிதாக்கிக் கொடுப்பேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கும். அப்புறம் மெதுவாக அதனிடம் கேட்கும்: "சாப்பிட்டீகளா?"