செவ்வாய்க்கிழமை வகுப்பில் என் மனைவிக்குப் பக்கத்தில் உட்காருபவர்

மதிப்பிற்கும் அன்புக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவோடு எழுதிக்கொள்வது. தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கும் எல்லாரும் சுகம், என் ஒருவனைக் கழித்துவிட்டுப் பார்த்தால். தங்கள் முழங்கால் வலி தேவலையா என்று விசாரிப்பதுதான் முறை. விசாரித்ததாகவே வைத்துக்கொண்டு மேலே படிக்கவும், விஷயம் அவசரம்.

தங்கள் தங்கை ஆஸ்பத்திரியில் பதிவுக் கவுண்டரில் இருப்பதும், பட்டம் வாங்கினால் மேற்பார்வையாளர் ஆக்குவார்கள் என்று பல்கலைக்கழகத்தில் மாலை வகுப்பில் சேர்ந்ததும் தாங்கள் அறிந்ததே. விண்ணப்பம் வாங்க வெயிலில் நின்றவனே நான்தான். முதல் பருவத்தில் புள்ளியியலும் நிகழ்தகவும் ஒரு பாடம். வெறும் கணக்குதானே, இதில் குடும்பத்துக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று நான் நிம்மதியாகப் பட்டறையில் சோபா தைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சாப்பிடும்போது, "இன்னிக்கு மூக்குக்கண்ணாடி என்ன சொன்னார் தெரியுமா?" என்று ஆரம்பித்தாள். அது யார் என்றேன். "எனக்குப் பக்கத்துல உட்கார்றவர்ங்க. மூக்குக்கண்ணாடிக் கடை வெச்சிருக்கார். மனைவி தவறிட்டாங்களாம், பொழுது போகலைன்னு படிக்க வந்திருக்கார்." மச்சான், எடுத்த கவளத்தை நான் தட்டிலேயே வைத்துவிட்டேன். மனைவி இல்லாதவர், சொந்தக் கடை உள்ளவர், பொழுது போகாதவர். மூன்றும் ஒரே ஆளிடம் வந்து சேர்வதற்கு என்ன நிகழ்தகவு என்று அப்போது எனக்குக் கணக்குப் போடத் தெரியாது. வயிறு மட்டும் எரிந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் எதற்கெடுத்தாலும் அவர்தான். திட்டவிலக்கத்தை அவர் எவ்வளவு அழகாகச் சொன்னார், பகடை உருட்டினால் முன்னால் விழுந்தது பின்னால் விழுவதைத் தடுக்காது என்று அவர் எப்படி விளக்கினார். அவர் கடைக்கே போய்ப் புதுக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு வந்தாள். "இப்பதாங்க எல்லாம் தெளிவா தெரியுது" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். எனக்கு அதுதான் பயம். நான் முழுசாகத் தெளிவாகத் தெரியும்படி இருக்கிற ஆள் இல்லை என்பது தங்களுக்கும் தெரியும். பொறுக்க முடியாமல், நானும் படிக்கப் போகிறேன் என்று அறிவித்துவிட்டேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். சந்தேகப்படவே இல்லை, அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

தாமதக் கட்டணம் கட்டிச் சேர்ந்து, வகுப்புக்குப் போனேன். ஆளைப் பார்த்தேன். தலை நிறைய முடி, மச்சான். நேராக இரண்டு பேருக்கும் நடுவில் போய் உட்கார்ந்தேன். பேராசிரியை சின்ன வயது, சட்டைக் கையெல்லாம் சுண்ணக்கட்டித் தூள். ஆய்வுப் பணிக்கு இரண்டிரண்டு பேராகச் சேரவேண்டும், யாரோடு யார் என்று நாமே தேர்ந்தெடுத்தால் அது சமவாய்ப்பு ஆகாது என்று சொல்லிச் சீட்டு எடுக்கச் சொன்னார். இவர்கள் இரண்டு பேரும் ஒன்றாக வந்துவிடக்கூடாதே என்று கும்பிடாத தெய்வமில்லை. வேண்டுதல் பலித்தது. தங்கள் தங்கைக்கு ஒரு தபால்காரர் வந்தார். மூக்குக்கண்ணாடி எனக்கு வந்தார்.

பட்டறை முடிந்ததும் அவர் கடைக்குப் போவேன். இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாமவர் வாசலில் நிற்கவேண்டிய கடை. அங்கேதான் நிபந்தனை நிகழ்தகவு என்ற பூதத்தை எனக்குச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தார். "தலைவலி இருக்கறவங்கள்ல எத்தனை பேர் கண்ணாடி போட்டிருக்காங்கங்கறது வேற, கண்ணாடி போட்டவங்கள்ல எத்தனை பேருக்குத் தலைவலிங்கறது வேற. ரெண்டையும் ஒண்ணாக்கக்கூடாது." மண்டையில் ஏறவில்லை. மறுபடி சொன்னார். மறுநாளும் சொன்னார். ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. இதுவும் ஒரு திறமைதானே என்று எனக்கு அதற்கும் பொறாமை. கடைசியில் மெதுவாகக் கொக்கி போட்டுப் பார்த்தேன்.

"ஒரு பொண்ணு மனசுல யாரையாவது வெச்சிருந்தா சிரிச்ச முகமா இருப்பா இல்லையா?"

"இருக்கலாம்."

"அப்ப சிரிச்ச முகமா இருந்தா மனசுல யாரோ இருக்காங்கன்னுதானே அர்த்தம்?"

அவர் ஒரு கண்ணாடியைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சிரிக்கறதுக்கு வேற காரணமே இல்லாத பொண்ணா அவங்க?" என்றார்.

அதோடு விட்டிருக்கவேண்டும். நான் எங்கே விட்டேன்? ஆய்வுக்குத் தலைப்பு நானே வைத்தேன்: இடைவேளைப் பேச்சும் மதிப்பெண்ணும். மாணவர் அ, மாணவர் ஆ என்று மட்டும் குறிப்பிட்டு, அ என்பவர் ஆ என்பவரோடு இடைவேளையில் எவ்வளவு நேரம் பேசுகிறார், வாரத் தேர்வில் எவ்வளவு வாங்குகிறார் என்று தூணுக்குப் பின்னால் நின்று குறித்துவந்தேன். தான்தான் ஆ என்று தெரியாமல் அந்த மனுஷனே உட்கார்ந்து வரைபடத்தை அவ்வளவு சுத்தமாகப் போட்டுக்கொடுத்தார். புள்ளிகள் படிக்கட்டு மாதிரி ஏறின. வகுப்பு முன்னால் நின்று, பேச்சுக் கூடக் கூட மதிப்பெண்ணும் கூடுகிறது, இந்த உறவுதான் காரணம் என்று குரலை உயர்த்திச் சொன்னேன்.

"ரெண்டும் சேர்ந்து கூடுது, அந்த ஒட்டுறவு இருக்கு, சரி. காரணம்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார் பேராசிரியை.

"பார்த்தாலே தெரியுதே மேடம்."

தங்கள் தங்கை எழுந்தாள். "அவங்க என்ன பேசினாங்கன்னு ஆய்வு பண்ணவர் கேட்டாரா?"

"கேட்கலை" என்றேன்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். எங்க வீட்டுக்காரருக்கு இந்தப் பாடம் பிடிபடலை, நான் சொன்னா கோவம் வருது, நீங்க கொஞ்சம் பொறுமையா சொல்லிக்கொடுங்கன்னுதான் கேட்டுக்கிட்டிருந்தேன். வாரத்துக்கு வாரம் பாடம் கஷ்டமாச்சு, பேச்சும் நீண்டுச்சு. அதே கஷ்டத்துக்குப் பயந்துதான் நானும் கூடுதலா படிச்சேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. பேராசிரியை பலகையில் 'கவனிக்காமல் விட்ட மூன்றாவது மாறி' என்று எழுதிவிட்டு என் பக்கம் திரும்பினார். பாடத்தின் கஷ்டம் என்றுதான் அவர் அர்த்தம் வைத்திருப்பார். எனக்கு என் பெயரைக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடி என் தோளைத் தட்டினார். "அந்த ஆ நான்தானா? முன்னாடியே சொல்லியிருந்தா என் புள்ளியைக் கொஞ்சம் பெருசா போட்டிருப்பேனே." தங்கள் தங்கை மட்டும் வழிநெடுக எனக்குப் பத்தடி முன்னால் நடந்தாள். வீட்டுக் கதவைத் திறக்கும்போது, "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல" என்றாள். அவ்வளவுதான். அவள் திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், கணக்குச் சரியாகியிருக்கும்.

இப்போது சொல்லுங்கள், மச்சான். கட்டின புருஷனிடம் பொறுமையாக இருங்கள் என்று இன்னொருத்தரிடம் போய்க் கேட்கலாமா? எனக்குக் கிடைத்த பொறுமை அத்தனையும் இவள் கேட்டு அவர் கொடுத்தது என்று நினைக்கும்போதே பற்றிக்கொண்டு வருகிறது. தேர்வில் இவள் முதல், அவர் இரண்டாவது. நானும் தேறிவிட்டேன், வகுப்புச் சராசரியைக் கீழே இழுத்தவர்களில் நானும் ஒருவன். ஆகவே தாங்கள் இந்த ஞாயிற்றுக்கிழமையே புறப்பட்டு வந்து, அடுத்த பருவத்திலாவது தங்கையை வேறு பெஞ்சில் உட்காரச் சொல்லிப் புத்தி சொல்லவேண்டும். மூத்தவர் சொன்னால் கேட்பாள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நல்ல மதிப்பெண் வாங்கி, யாரையும் பார்த்து வயிறெரியாமல் வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத
தங்கை புருஷன்

பின்குறிப்பு: மச்சான், வரவேண்டாம். உறையை ஒட்டும் நேரத்தில் நிலவரம் மாறிவிட்டது. அடுத்த பருவத்துக்குத் தங்கள் தங்கை புள்ளியியலை விட்டுவிட்டு நிர்வாகப் பாடம் எடுத்துவிட்டாள். நானும் மூக்குக்கண்ணாடியும் புள்ளியியல் இரண்டாம் பாகத்தில் சேர்ந்திருக்கிறோம். அவர் இல்லாமல் எனக்கு அந்தப் பாடம் ஏறாது, அவருக்கும் என்னை விட்டால் பேச்சுத்துணை கிடையாது. சாயங்காலமெல்லாம் அவர் கடையில்தான் இருப்பேன், சாப்பாட்டுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று இப்போதுதான் சொன்னேன். "அவரைக் கண்டா வீடு வாசல் மறந்துடுது உங்களுக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்த் தங்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாள். அதில் அவள் எழுதப்போவது அத்தனையும் உண்மைதான். இருந்தாலும் நம்பவேண்டாம்.