ஓய்வுற்றோர் பட்டியல்

பிறப்பு, இறப்புப் பதிவு அலுவலகத்தில் தவறுகள் பெருகிவிட்டன என்றும், தவறுக்குக் காரணம் களைப்பு என்றும், களைப்புக்குக் காரணம் தூக்கக் குறைவு என்றும் மேலிடம் கண்டுபிடித்தது. இதைக் கண்டுபிடிக்க ஒரு குழு ஏழு மாதம் கண் துஞ்சாமல் உழைத்ததாகச் சுற்றறிக்கையிலேயே எழுதியிருந்தார்கள்.

ஆகவே பணியாளர் ஒவ்வொருவரும் காலையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட கையோடு, பக்கத்தில் இருக்கும் உறக்கப் பதிவேட்டில் முந்தின இரவு எத்தனை மணி நேரம் தூங்கினார் என்பதையும் குறிக்க வேண்டியது. ஆறுக்குக் கீழே என்றால் அவர் களைப்புற்றோர். எட்டுக்கு மேலே என்றால் ஓய்வுற்றோர். களைப்புற்றோரின் மன அழுத்தத்தைக் குறைக்கும் பொருட்டு அவர்களுடைய கோப்புகள் ஓய்வுற்றோருக்கு மாற்றப்படும். இந்தக் கடைசி வரி இரண்டாம் பக்கத்தில் இருந்தது. அலுவலகமே அதைக் கவனமாகப் படித்தது. ஒருவர் மட்டும் முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டார்.

அவர் பிறப்புப் பிரிவு எழுத்தர். தலையணை என்று சொன்னால்தான் அலுவலகத்தில் அவரைத் தெரியும். ஒன்பதரைக்குப் படுத்தால் ஆறு மணிக்கு எழுந்திருப்பார்; நடுவில் பக்கத்து வீட்டுச் சுவரை இடித்தாலும் தெரியாது. அதனால் அவருக்கு எரிச்சல், படபடப்பு, தலைவலி எதுவும் கிடையாது. ஜன்னலில் நிற்பவரிடம் சிரித்துப் பேசுகிற கெட்ட பழக்கம் வேறு இருந்தது.

முதல் நாள் பதிவேட்டில் அவர் 'எட்டரை' என்று எழுதினார். எழுதிவிட்டு மேல் வரிகளைப் பார்த்தார். தட்டச்சர் அம்மா, மூன்று. இறப்புப் பிரிவு எழுத்தர், இரண்டே கால். கண்காணிப்பாளர், 'கண் மூடவில்லை'. அவர்களுக்காக மனிதர் நிஜமாகவே வருத்தப்பட்டார்.

மத்தியானத்துக்குள் பதினோரு பேருடைய கோப்புகளும் அவரிடம் வந்து சேர்ந்தன. மேஜை போதாமல் நாற்காலியின் இரு பக்கமும் தரையில் அடுக்கினார்கள்.

கோப்புகள் வீட்டுக்கும் போயின. ஒரே மாதத்தில் தலையணையின் தூக்கம் எட்டரையிலிருந்து மூன்றுக்கு இறங்கியது. செருப்பு மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடினார். ஒருநாள் காலையில் பால் பொங்கி வழிந்ததற்காகக் கத்தினார்; பிறகு உட்கார்ந்து அழுதார்.

"நீங்க இப்படிக் கத்தியும் நான் பார்த்ததில்ல, அழுதும் பார்த்ததில்ல. எனக்குப் பயமா இருக்குங்க," என்றாள் மனைவி. "இன்னைக்குப் போய் மூணுன்னு எழுதுங்க. அதுதானே நிஜம்?"

எழுதினார். கண்காணிப்பாளர் கூப்பிட்டு அனுப்பினார்.

"என்ன சார் இது, மூணுன்னு போட்டிருக்கீங்க?"

"மூணு மணி நேரம்தான் சார் தூங்கினேன்."

"நீங்க ஓய்வுற்றோர். உங்க வகை முடிவாகி மேலிடத்துக்குப் போயாச்சு. வகை முடிவானப்புறம் தூக்கம்தான் சார் வகைக்கு ஏத்த மாதிரி இருக்கணும்."

"வகையை மாத்தவே முடியாதா?"

"தாராளமா. ஒரு விண்ணப்பம் கொடுங்க. ஆனா அதைக் கவனமா பரிசீலிக்கணும். களைச்சுப்போனவங்க பரிசீலிச்சா தப்பாயிடும். அதனால ஓய்வுற்றோர்தான் பரிசீலிக்கணும்னு விதி."

"ஓய்வுற்றோர்னா யாரு சார்?"

"நீங்கதான்."

தலையணை விண்ணப்பம் கொடுத்தார். தானே பெற்றுக்கொண்டு, தானே எண் போட்டு, முறைப்படி அடுக்கின் அடியில் வைத்தார். அதற்கு மேலே நானூற்றுப் பன்னிரண்டு கோப்புகள் இருந்தன. தன்னுடையதை உருவி மேலே வைக்க மனசு வரவில்லை. அவர் அப்படிப்பட்ட ஆள். பிறகு பதிவேட்டில் மூன்றை அடித்து எட்டரை ஆக்கினார்.

மறு வாரம் ஒரு தச்சர் கைக்குழந்தையோடு ஜன்னலுக்கு வந்தார். பிறந்து நாற்பது நாளான பெண் குழந்தை. அதன் பெயரில் இறப்புச் சான்றிதழ் போயிருந்தது.

"குழந்தை உசிரோட இருக்கு சார். பாருங்க, அழுவுது."

"அழுவறதெல்லாம் ஆதாரம் ஆகாதுங்க," என்றார் இறப்புப் பிரிவு எழுத்தர், மேஜையில் சாய்ந்து கண்ணை மூடியபடியே.

தலையணை சான்றிதழை வாங்கிப் பார்த்தார். தன் கையெழுத்தேதான். எந்தப் புத்தகத்தில் எழுதுகிறோம் என்றே தெரியாமல் எழுதியிருக்கிறார். குழந்தையின் முகத்தைப் பார்க்க அவருக்குக் கூசியது. தச்சரிடம் மன்னிப்புக் கேட்டு, அங்கேயே திருத்திக் கொடுத்தார்.

திருத்தம் இருக்கிறது என்றால் தவறு இருந்திருக்கிறது. குறிப்பாணை வந்தது: 'களைப்புற்றோர் செய்யும் தவறு களைப்பினால் நேர்வது, மன்னிக்கத்தக்கது. தாங்களோ பதிவேட்டின்படி நாள்தோறும் எட்டரை மணி நேரம் உறங்குபவர். எனவே தங்கள் தவறு வேண்டுமென்றே செய்யப்பட்டதாகும். தங்களை ஏன் பணிநீக்கம் செய்யக் கூடாது?'

விசாரணைக்கு இயக்குநரே நேரில் வந்தார். தலையணையை மெத்தை தைத்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள். இயக்குநர் சுற்றறிக்கையை முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினார். இரண்டாம் பத்தி வருவதற்குள் தலையணையிடமிருந்து குறட்டை வந்தது. கண்காணிப்பாளர் பதறிப்போய்த் தட்டி எழுப்பப் போனார்.

"எழுப்பாதீங்க," என்றார் இயக்குநர், குரலைத் தாழ்த்தி. "வேலை போகுமா இருக்குமான்னு விசாரணை நடக்குது. மனுஷன் தூங்கறார். மன அழுத்தம் ஏதாவது தெரியுதா?"

"துளிகூட இல்லீங்க ஐயா."

"குத்தம் பண்ணினவன் இப்படித் தூங்குவானா?"

"மாட்டான் ஐயா."

"என் முப்பது வருஷ சர்வீஸ்ல நாம போட்ட திட்டம் ஒண்ணு வேலை செஞ்சு இப்பத்தான் பார்க்கறேன்." அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. அப்பேர்ப்பட்ட ஓய்வை ஒரே அலுவலகத்தில் முடக்கிவைப்பது வீண் என்று, அக்கம்பக்கத்து நான்கு அலுவலகங்களின் கோப்புகளும் அவருக்கே ஒதுக்கப்பட்டன.

மற்ற பதினோரு பேரின் கதையையும் சொல்ல வேண்டும். வேலை இல்லாததால் பகல் முழுக்க மேஜையில் தலை வைத்துத் தூங்கினார்கள். பகலெல்லாம் தூங்கியவருக்கு இரவில் எங்கே வரும்? தட்டச்சர் அம்மாவுக்கு மூன்று மணி நேரம் தூங்குவதே பெரும்பாடாயிற்று. கண்காணிப்பாளருக்கு நிஜமாகவே கண் மூடவில்லை. எல்லோரும் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தார்கள்.

ஆண்டுக் கடைசியில் ஆய்வாளர் ஒருவர் வந்து, வீடு வீடாகப் போய் உறக்கப் பதிவேட்டைச் சரிபார்த்தார். பதினோரு பேர் எழுதியதும் அச்சு அசலாகப் பொருந்தியது. தலையணையின் மனைவி மட்டும், "எட்டரையா? மூணு மணி நேரங்க, அதுவும் உட்கார்ந்தபடியே," என்றாள். ஓராண்டாக நாள் தவறாமல் பொய் எழுதிய குற்றத்துக்காக அவரை மூன்று மாதம் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். அவருடைய பழைய வகையும் ரத்தாயிற்று; திரும்பி வரும் அன்று எழுதுவதை வைத்துப் புதிதாக முடிவாகும்.

அந்த மூன்று மாதமும் அவர் தூங்கினார். முகம் தெளிந்தது. மனைவியிடம் பழையபடி சிரித்துப் பேசினார்.

திரும்பி வந்த அன்று, முந்தின இரவு ஒன்பது மணி நேரம் தூங்கியிருந்தார். தரையிலிருந்து ஜன்னல் வரை அவருக்காகக் காத்திருந்த கோப்புகளை ஒரு தரம் பார்த்தார். பேனாவைத் திறந்து, நிதானமாக, அழகான கையெழுத்தில் 'இரண்டு' என்று எழுதினார்.

இப்போது பன்னிரண்டு பேருமே களைப்புற்றோர். கோப்பைத் தொட விதிப்படி யாருக்கும் அதிகாரமில்லை. அன்றிலிருந்து, பதிவேடுகளின்படி, அந்த ஐந்து அலுவலகங்களின் எல்லைக்குள் யாரும் பிறக்கவுமில்லை, சாகவுமில்லை.