பனி வெடிப்பில் என் மரண வாக்குமூலம்

மொழி தெரியாத ஊரில் ஒருவனைக் கொல்ல ‘வுய்’ என்ற ஒற்றைச் சொல் போதும். எண்பதுகளில் பாரிஸின் லா சப்பலில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த நான், பிரெஞ்சுக்கார முதலாளி என்ன கேட்டாலும் அப்படித்தான், ‘ஆம்’ என்பேன். (இல்லை என்றால் ஏன் என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்லப் பிரெஞ்சுக்கு எங்கே போவது?)

ஓகஸ்ட் விடுமுறைக்குக் கடை பூட்டுமுன், மலை, மூன்று நாள், ‘கிளாசியே’ என்று ஏதோ கேட்டார். பாரிஸில் அந்தச் சொல்லை நான் ஐஸ்கிரீம் கடைப் பலகைகளில்தான் கண்டிருந்தேன். வுய் என்றேன். கூட வேலை செய்த மன்னார் அருளப்பு அண்ணையையும் இழுத்துக்கொண்டேன்.

அது பனியாறு. முதலாளிக்குக் கோடைப் பொழுதுபோக்கு, நாங்கள் சுமைகாரர். சப்பாத்துக்கு அடியில் இரும்பு முள் பூட்டி, வழிகாட்டி, முதலாளி, நான், அண்ணை என்று நால்வரும் ஒரே கயிற்றில் நடந்தோம். காலையில் பனி சிமெந்துபோல் இறுகியிருக்கும், வெயில் ஏறினால் வெடிப்புகளை மூடிய பனி இளகிவிடும், அதற்குள் மலைவிடுதிக்குப் போய்ச் சேரவேண்டும் என்று வழிகாட்டி கையாலேயே விளக்கினார். அது மட்டும் எனக்கு அட்சரம் பிசகாமல் புரிந்தது. முதல் இரண்டு நாளும் மலையழகைப் பார்க்கவில்லை. சூரியனைப் பார்த்தபடியே நடந்தேன்.

மூன்றாம் நாள் பிந்திவிட்டோம். (என்னால்தான். ஒவ்வோர் அடியையும் தட்டிப் பார்த்து வைத்தேன்.) பனி குழைந்த சோறாகியிருந்தது. முதலாளி கடந்த அதே இடத்தில் நான் இடுப்புவரை இறங்கினேன். கால்களுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. எங்கோ ஆழத்தில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

கயிறு இறுகியது. சாகப்போகிறேன் என்று முடிவெடுத்து வாயைத் திறந்தேன்.

“அண்ணை, மனிசி ஸ்தேனிலை வீட்டிலை தனிய. வந்து ஒரு மாசந்தான். அவவுக்குக் கார் து நோர் ஸ்ரேசனிலை றெயின் மாறத் தெரியாது.”

“அசையாதை. கயிறு என்ரை கையிலைதான் கிடக்கு,” என்றார் அண்ணை. “றெயின் மாறுறதை மேலை வந்து நீயே காட்டிக் குடு.”

வயிற்றால் ஊரவைத்து இழுத்தெடுத்தார்கள். முதலாளி தன் கையுறைகளைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டார். நான் அழுதது குளிரால்தான் என்று மூவரும் பெருந்தன்மையாக நம்பினார்கள்.

பாரிஸ் திரும்பியதும் அண்ணை என் மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். அடுத்த கிழமை அவள் தனியாகப் புறப்பட்டு, இரண்டு தரம் பிழையான றெயின் ஏறி, உணவக வாசலில் வந்து நின்றாள்.

இன்று பாரிஸின் நிலக்கீழ் றெயின் பாதைகள் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. நான்தான் இன்னும் ஸ்டாலின்கிராட் றெயின் நிலையத்தில் பாதை மாறி முழிக்கிறேன். அங்கிருந்து வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தால், பின்னால் பிள்ளைகள் சிரிக்கும் சத்தம் கேட்கும். அவள் மட்டும் ஆறுதலாகச் சொல்வாள்:

“அசையாதையுங்கோ. நான் வாறன்.”