திரைச்சீலை மாப்பிள்ளையின் ஹேஷ்டேக்குகள்

"படத்துல இருக்கிறது ஒரே ஒரு கர்ட்டன். அதுக்குக் கீழ இவ்வளவு ஹேஷ்டேக்கா?" என்றாள் மனைவி, கணவரின் போனை விரலால் தள்ளிக்கொண்டே. "துணியைவிட வால் நீளமா இருக்கே."

"அது வால் இல்ல, தூண்டில்," என்றார் மாப்பிள்ளை. ஏணி மேல் நின்று கம்பியில் வளையம் கோத்துக்கொண்டிருந்தவர், அந்தப் பதிலைச் சொல்வதற்காகவே ஒரு படி கீழே இறங்கினார். "நாம போட்டுட்டு உட்கார்ந்திருந்தா போதும். தானா வந்து மாட்டும்."

"போட்டு ஒரு வாரம் ஆச்சு. ஒரு ஈ கூட மாட்டலையே."

ஈ நிறைய இருந்தது. அதை ஓட்டுவதுதான் கடையின் முக்கியமான வேலையாக இருந்தது.

மாமனார் அதே தெருவில் வெகுகாலமாகப் பெயிண்ட் கடை வைத்திருப்பவர். அவருடைய மகளைக் கட்டியதால் இவர் தெருவுக்கே மாப்பிள்ளையாகிவிட்டார். கல்யாணமான புதிதில் மாமனாரின் கடையில்தான் வேலை பார்த்தார். அங்கே வெள்ளை எது, வெளிர் மஞ்சள் எது என்பதைக்கூட மாமனாரைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். தாங்க முடியாமல் வெளியே வந்து, நாலு கடை தள்ளித் திரைச்சீலைக் கடை திறந்தார். இந்த மாதக் கடைசிக்குள் கடை தேறாவிட்டால் மூடிவிட்டுப் பழையபடி பெயிண்ட் கடைக்கு வந்துவிட வேண்டும் என்பது மாமனாரின் தீர்ப்பு. தீர்ப்போடு நிற்காமல், தன் மேசைக்குப் பக்கத்தில் புது நாற்காலி ஒன்றையும் வாங்கிப் போட்டுவிட்டார். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் மாப்பிள்ளை அதைப் பார்க்காமல் தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுவார்.

ஆனால் அவர் மனம் தளருகிற ஆள் இல்லை. அன்று மத்தியானமே ஹேஷ்டேக் பற்றி ஒரு வீடியோவை முழுதாகப் பார்த்தார். பார்த்து முடித்ததும் அந்தத் துறையில் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று ஆகிவிட்டது.

"நான் பண்ணின தப்பு இதுதான்," என்றார் தையல்காரம்மாவிடம். கடையில் வேறு ஆள் இல்லாததால் எல்லா உரைகளையும் அவர்தான் கேட்டாக வேண்டும். "ஜன்னல், அழகு, காத்துன்னு பொருளைப் பத்தியே போட்டிருக்கேன். ஆளைக் கூப்பிடணும். பேர் சொல்லிக் கூப்பிட்டாத்தானே திரும்பிப் பார்ப்பாங்க?"

"உங்களைத் தொடர்றவங்கன்னு நிறைய பேர் இருக்கணுமாமே சார்?"

"அதெல்லாம் அந்தக் காலம். தொடர்றவங்க வீட்டு ஆளுங்களா இருந்தாக்கூடப் போதும். ஹேஷ்டேக் சரியா இருந்தா ஊரே பார்க்கும்."

#புதுமணத்தம்பதிகள் என்று போட்டார்.

மறுநாள் காலை கடையைத் திறந்து வாசலைப் பெருக்கி முடிப்பதற்குள் ஒரு இளஞ்ஜோடி வந்து நின்றது. பின்னாலேயே இன்னொன்று. மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை.

"எங்களுக்கு இங்க ஒரு கடை இருக்கிறதே தெரியாது," என்று ஆரம்பித்தான் ஒரு புதுமணவாளன். "நேத்து சாயந்திரம்தான் எங்களுக்கு—"

"தெரியும், தெரியும். ஹேஷ்டேக்," என்றார் மாப்பிள்ளை, பெருந்தன்மையாக. "உட்காருங்க."

வந்த பெண்ணுக்குப் பச்சை பிடித்தது. அவனுக்கு நீலம். பச்சை பிடிப்பது யாருடைய குடும்பத்து ரசனை என்ற இடத்துக்குப் பேச்சு போனது. அங்கிருந்து கல்யாணத்தில் நடந்த பந்திக்குப் போனது. அடுத்த ஜோடி சமாதானம் பண்ண வந்து, ஆளுக்கு ஒரு கட்சி சேர்ந்துகொண்டது. கடைக்கு ஒரே வாசல் என்பதால் நாலு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வரிசையாக வெளியேறினார்கள். ஒரு கைக்குட்டை அளவு துணிகூட விற்கவில்லை.

"காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதை," என்றாள் மனைவி. "ரெண்டு ஜோடி தற்செயலா வந்திருக்கு. அதுக்குப் போய் இப்படிக் குதிக்கிறீங்க."

"கூப்பிட்டேன், வந்தாங்க. இதுல தற்செயல் எங்க இருக்கு? ஆள்தான் தப்பு. ஜோடியா வந்தா சண்டை. தனியா வர்ற ஆளைப் பிடிக்கணும்."

உலகத்திலேயே அதிகம் பேர் பார்ப்பது நாய்ப் படம் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். #நாய்ப்பிரியர்கள் என்று தட்டினார். தையல்காரம்மா மிஷினை நிறுத்தினார்.

"கர்ட்டனுக்கும் நாய்க்கும் என்ன சார் சம்பந்தம்?"

"நாய் வச்சிருக்கிறவனுக்கு வீடு இருக்கும்ல? வீடு இருந்தா ஜன்னல் இருக்கும்."

தையல்காரம்மா மிஷினை மறுபடி ஓட்டினார்.

மறுநாள் நாய்கள் வந்தன. குட்டை, நெட்டை, சடை, மொட்டை என்று வாசல் கொள்ளாமல் வந்தன. எல்லாவற்றின் பின்னாலும் எஜமானர்களும் வந்தார்கள்.

"பிறாண்டினாலும் கிழியாத துணி இருக்காமே உங்ககிட்ட?" என்று கேட்டார் ஒரு பெரியவர்.

அப்படி எதுவும் எழுதிய ஞாபகம் மாப்பிள்ளைக்கு இல்லை. ஆனாலும் வந்த வாடிக்கையாளரின் நம்பிக்கையைக் கெடுப்பானேன்? "இருக்கே," என்றார். பெரியவரின் நாய் அதைச் சோதித்துப் பார்த்தது. கிழிந்தது. மற்ற நாய்களும் தங்களுக்குச் சொல்லப்பட்டதாக எடுத்துக்கொண்டன. கண்ணாடி ஜன்னலில் காட்சிக்குத் தொங்கிய நல்ல துணியெல்லாம் தரைக்கு வந்து சேர்ந்தது.

அந்த நேரம் பார்த்து மாமியார் சாப்பாட்டு டப்பாவோடு வந்தார். மருத்துவமனை வரவேற்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போனும் கையுமாகவே இருப்பார். துணிக் குவியலையும் அதன் மேல் படுத்திருந்த சடைநாயையும் பார்த்தார்.

"நாய்க்காரங்க எல்லாரும் வந்துட்டாங்களா மாப்பிள்ளை?" என்றார் அக்கறையாக.

"வந்துட்டாங்க அத்தை," என்றார் மாப்பிள்ளை.

மாதம் முடியப் போகிறது. இருக்கிற சரக்கில் பாதி நாய் வாயில் போய்விட்டது. மீதி இருப்பது கனத்த, கறுத்த, வெளிச்சம் புகாத துணி. அதை யார் வாங்குவார்கள்? மாப்பிள்ளை தாடையைத் தடவினார். பகலில் தூங்குகிறவர்கள்!

#இரவுப்பணியாளர்கள்.

அடுத்த நாள் காலை, வேலை முடிந்த கையோடு வந்தார்கள். நர்ஸ்கள், காவலாளிகள், ரொட்டி போடுகிறவர்கள். மாப்பிள்ளை கடையின் பின்பாதியை நாலு பக்கமும் கனத்த திரையால் மறைத்து, அவர்களை உள்ளே அழைத்து, விளக்கை அணைத்தார்.

"எப்படி இருக்கு பாருங்க. பட்டப்பகல்னு யாராவது சொல்ல முடியுமா?"

பதில் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது. துணிச் சுருள்களின் மேல் தலை வைத்துக் கடையே தூங்கிக்கொண்டிருந்தது. வெளிச்சம் புகாத துணி என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. ஆனால் தூங்குகிறவர்கள் எதையும் வாங்குவதில்லை.

"எழுப்புங்க," என்று கிசுகிசுத்தாள் மனைவி.

"வாடிக்கையாளரைத் தட்டி எழுப்பினா மறுபடி வருவாங்களா? விடு. இந்தத் துணி சத்தத்தையும் அடக்கும். அதுக்கும் ஆள் இருக்கு."

"வேண்டாங்க. இப்பவே ஆழம் தெரியாம காலை விட்டாச்சு."

#வாத்தியக்காரர்கள் என்று ஏற்கெனவே போட்டாகிவிட்டது.

அந்த ஹேஷ்டேக் அத்தனை வேகத்தில் வேலை செய்யும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. மத்தியானத்துக்குள் ஒரு பேண்டு குழுவே வந்து இறங்கியது. பெரிய டிரம் வாசலில் சிக்கி, ஆள் பிடித்துத் தள்ளி உள்ளே கொண்டுவந்தார்கள். டிரம்பெட்காரர் காரியவாதி. வாங்கும் முன் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார். உள்ளே ஆள் இருப்பது தெரியாமல், திரைக்கு இந்தப் பக்கம் நின்று, மூச்சை இழுத்து ஒரு ஊது ஊதினார்.

திரைக்குப் பின்னாலிருந்து ஒரே நேரத்தில் எல்லாரும் அலறினார்கள். முந்தின நாள் ருசி கண்டு வாசலில் சுற்றிக்கொண்டிருந்த நாய்கள் கூடச் சேர்ந்து பாடின. தெருவிலிருந்த கடைக்காரர்கள் ஓடி வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் வந்து நின்றவர் மாமனார். முகத்தில் ஒரு நாற்காலியின் களை இருந்தது.

மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். முடிந்தது கதை என்று நினைத்தார்.

திரையை விலக்கிக்கொண்டு, தலைமுடி கலைந்த ஒரு நர்ஸ் வெளியே வந்தார். டிரம்பெட்காரரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்த ஊது எனக்குத் தெரியும். எங்க மாடியில குடியிருக்கிறது நீங்கதானே?"

"அப்போ கீழேருந்து கம்பால இடிக்கிறது நீங்கதானா?"

இருவரும் முறைத்துக்கொண்டார்கள். பிறகு நர்ஸ் மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினார்.

"எனக்கு நாலு ஜன்னலுக்கும் வேணும்."

"எனக்கு அறை முழுக்க," என்றார் டிரம்பெட்காரர், விட்டுக்கொடுக்காமல்.

பிறகு டிரம்காரரை ஒரு காவலாளி அடையாளம் கண்டுகொண்டார். நாயைத் தேடி வந்த நாய்க்காரப் பெரியவரை ஒரு ரொட்டிக்காரர் கண்டுகொண்டார். ஊரில் தூங்க முடியாத ஒவ்வொருவருக்கும் தூங்க விடாத ஒருவர் இருந்தார். அத்தனை பேருக்கும் கனத்த திரை தேவைப்பட்டது. தையல்காரம்மா அளவு எடுத்து எடுத்துக் கை ஓய்ந்துபோனார். மாமனார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே நின்றார்.

"கூட்டம் நிக்குதே," என்றார் கடைசியில். "உட்கார வைக்க நம்ம கடையில ஒரு நாற்காலி சும்மா கிடக்கு. அனுப்பி வைக்கிறேன்."

மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. ஆயுளில் அவருக்குக் கிடைத்த பட்டங்களிலேயே பெரியது அதுதான்.

அதன் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. தெரு வியாபாரிகள் சங்கத்தில் அவரைக் கூப்பிட்டு, ஹேஷ்டேக்கைச் சரியாகப் பயன்படுத்துவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். சங்கக் கட்டடத்தில் நாற்காலி போதாமல் சிலர் நின்றார்கள். முன்வரிசையில் மாமனாரும், மனைவியும், போனைப் பார்த்தபடி மாமியாரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"இது அதிர்ஷ்டம் இல்ல, அறிவியல்," என்று முழங்கினார் மாப்பிள்ளை. "யாரைக் கூப்பிடுறோமோ அவங்கதான் வருவாங்க. நாயைக் கூப்பிட்டேன், நாய் வந்துச்சு. போனை எடுங்க. என் ஹேஷ்டேக்கைத் தேடுங்க. முதல்ல நம்ம கடைதான் வரும்."

எல்லோரும் தேடினார்கள். வெகுநேரம் தேடினார்கள். செல்போன் கடை வைத்திருக்கும் பெண் தயங்கித் தயங்கி எழுந்தாள்.

"அண்ணே, எதுவும் வரலையே. உங்க அக்கவுண்ட் பூட்டியிருக்கு. நீங்க அனுமதிச்ச ஆளுங்க மட்டும்தான் பார்க்க முடியும். அப்படி ஒரே ஒருத்தர்தான் இருக்காங்க."

மாப்பிள்ளை போனைப் பார்த்தார். அக்கவுண்ட் திறந்த நாளில், திருடர் பயத்தில், கேட்ட கேள்விக்கெல்லாம் பூட்டுப் படத்தையே அமுக்கியது நினைவுக்கு வந்தது. மாமனாரின் புருவம் மெல்ல உயர்ந்தது.

"அப்படின்னா," என்றார் மாப்பிள்ளை, "இத்தனை பேரும் எப்படி வந்தாங்க?"

முன்வரிசையில் மாமியார் போனிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"நீங்க படத்துக்குக் கீழே எழுதி விட்ட ஆளுங்களுக்கெல்லாம் ஒருத்தர் விடாம போன் பண்ணிச் சொல்லிட்டேன் மாப்பிள்ளை, நேத்து 'உலகத்தமிழர்கள்'னு போட்டீங்களே, அதுக்கு மட்டும் கொஞ்சம் டைம் குடுங்க."