சீவரத்தினத்தார் நின்ற தேர்தல்

எந்தக் கொம்பன் வந்தாலும் இந்தமுறை சனசமூக நிலையத் தலைவர் தான்தான் என்று சீவரத்தினத்தார் தீர்மானித்துவிட்டார். கண்ணாடிக்கு முன்னால் நின்று ஏற்புரையும் பேசிப் பார்த்தார்.

"தலைவர் வீட்டிலைதானே கூட்டமெல்லாம் நடக்கும்?" என்று கேட்டாள் மனைவி கனகாம்பிகை.

"ஓம். பின்னை?"

"வாறவைக்குத் தேத்தண்ணி?"

"நீ இருக்கிறாய்தானே!"

அவள் சீனிப் போத்தலைப் பார்த்தாள். பொருளாதாரத் தடைக் காலம். யாழ்ப்பாணத்தில் சீனியைக் கண்ணால் காண்பதே பெரும்பாடு. நிவாரணத்தில் கிடைப்பதை அவள் நகையைப் போலப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். மேற்கொண்டு ஒன்றும் கதைக்கவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார் மனுசன். கலியாணம் முடித்து இத்தனை காலமாகியும் அந்தப் பிழையை அவர் விடுவதாக இல்லை.

எதிராளி தம்பிராசா. ஊரில் பாதி வெங்காயத்துக்குத் தண்ணீர் அவருடைய இறைப்பு மிசினில்தான் போகிறது. ஆகவே ஆட்கள் சீவரத்தினத்தாரின் காதுக்குள்தான் ஆதரவு தந்தார்கள்.

"சீட்டிலை புள்ளடி உங்களுக்குத்தான் அண்ணை. ஆனால் எழும்பி நிண்டு உங்கடை பேரை முன்மொழியச் சொல்லாதேங்கோ."

முன்மொழியத் துணிந்தவர் மைத்துனர் முருகேசு ஒருவர்தான். தேர்தலன்று பார்த்தால் முருகேசுவைக் காணவில்லை.

"கரவெட்டியிலை மச்சாளுக்குச் சுகமில்லையாம். நான்தான் பாத்துக்கொண்டு வா எண்டு தம்பியை அனுப்பினனான்" என்றாள் கனகாம்பிகை.

"ஐயோ! அப்ப நீயெண்டாலும் எழும்பி முன்மொழி!"

"நீங்கள் சொன்னால் செய்யத்தானே வேணும்."

கூட்டம் நிறைந்திருந்தது. தம்பிராசாவின் பெயரைப் பதிந்த செயலாளர், "வேறை ஆரும்?" என்று கேட்டார். கனகாம்பிகை எழும்பினாள். சீவரத்தினத்தாருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"ஆரை அக்கா?"

"இவரை."

"பேரைச் சொல்லுங்கோ."

அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். "தாலி கட்டினவற்றை பேரை நான் எப்பிடித் தம்பி வாயாலை சொல்லுறது?"

பெண்கள் பக்கமிருந்து மெச்சும் முணுமுணுப்பு எழுந்தது. சீவரத்தினத்தார் துள்ளி எழும்பினார். "என்னைத்தான் சொல்லுறா! சீவரத்தினம்! எழுதும்!"

"தன்ரை பேரைத் தானே சொல்லேலாது அண்ணை. போன வருசம் நீங்கள் கொண்டுவந்த விதிதானே? இருங்கோ."

தம்பிராசா போட்டியின்றித் தலைவரானார். வாக்குப் போட வைத்திருந்த பிஸ்கற் ரின் வெறுமையாகவே வீடு திரும்பியது.

வழிநெடுக சீவரத்தினத்தார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தார். ஆனால் வீட்டில் அவள் சீனி போட்ட தேத்தண்ணியை நீட்டியதும் கோபம் கரைந்துவிட்டது. இந்தக் காலத்திலும் புருசன் பெயரைச் சொல்லக் கூசுகிற பெண்சாதி எத்தனை பேருக்கு வாய்க்கும்? பதவி போனால் போகட்டும். உள்ளதைச் சொன்னால், மனுசனுக்குப் பெருமையாகவே இருந்தது.

அந்தப் பெருமையோடு மறுநாள், வழக்கமாக அவள் தனியே போகும் சங்கக்கடைக்குப் பை தூக்கத் தானும் கூடப் போனார். நிவாரணச் சீனிக்கு நீண்ட வரிசை. அவர்களுடைய முறை வந்ததும் மனேச்சர் தலை நிமிராமல் கேட்டார்.

"குடும்பத் தலைவற்றை பேர்?"

கனகாம்பிகை சந்திவரை கேட்கிற குரலில் சொன்னாள்:

"கதிரவேலு சீவரத்தினம்!"