படிநிலை பிசகாமல் தப்பிப்பது எப்படி?

நெருப்பைக் கண்டுபிடித்தது ஆதிமனிதனின் சாதனை. அதிலிருந்து பதவிவாரியாகத் தப்பிக்கும் முறையைக் கண்டுபிடித்த பெருமையோ, ஏரியே தீப்பற்றும் பெள்ளந்தூரில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தையே சேரும்.

அங்கே ஒவ்வொருவருக்கும் கீழே இரண்டே பேர். கணினிக்காரர்கள் நடும் மரத்துக்கு வேர் உச்சியில் இருக்கும், இலைகள் அடியில். வேர், இயக்குநர் சன்னபசப்பா. கடைசி இலைகளில் ஒன்று சுமுகா. போன வருஷ தசராவுக்கு மைசூர்பாக் பங்கிட அவன் ஒரு நிரல் எழுதினான்: முன்னால் நிற்பவரை அனுப்பு; அவருக்குக் கீழுள்ள இருவரையும் வரிசையின் கடைசியில் நிறுத்து. மேல்நிலை முடியாமல் கீழ்நிலை தொடங்காது. இந்த 'சமத்துவத்தில்' மயங்கிய நிர்வாகம், அதையே வாசற்கதவுப் பூட்டிலும் பொருத்திவிட்டது.

ஆயுத பூஜையன்று இயக்குநர் தம் திருக்கரத்தால் ஏற்றிய கற்பூரம் திரைச்சீலையைப் பற்றிக்கொண்டது. முறைப்படி அவரே முதலில் வெளியேறினார். அடுத்து துணை இயக்குநர் ஷெணை போகவேண்டும். கதவு அவருக்காகக் காத்திருந்தது. அவரோ விடுமுறையில் இருந்தார்.

சுமுகா போன் போட்டான்.

"சார், ஆபீஸ்ல தீ! நீங்க உடனே வெளிய போகணும்."

"நான் வெளியதான்யா இருக்கேன். சகலேஷ்புரத்துல, மாமனார் வீட்ல."

"அது செல்லாது சார். இங்க வந்து, உள்ள நுழைஞ்சு, அப்புறம் வெளிய போகணும்."

"நான் லீவுய்யா!"

"லீவுக்கு நான் கோட் எழுதலையே சார்!"

பக்கத்து இருக்கை வினுதா இருமினாள். "எழுதினவன் நீதானே குரு, மாத்தித் தொலையேன்!"

"மேலிடம் ஒப்புதல் தரணும்."

"மேலிடம் எங்க?"

"வெளிய."

புகை கண்ணைக் கரித்தது. சுமுகாவுக்கு உயிர்ப்பயம் வந்துவிட்டது. அம்மாவை நினைத்து வாய்விட்டு அழுதான். வினுதா அழவில்லை. திருஷ்டிக்கு வைத்திருந்த பூசணிக்காயைத் தூக்கிக் கண்ணாடிக் கதவில் ஓங்கி அடித்தாள். கதவு நொறுங்கியது. மேலோர் கீழோர் என்ற பேதமின்றி, நாகரிகமே இல்லாமல் எல்லோரும் பிழைத்துவிட்டார்கள்.

இந்த ஒழுங்கீனத்தை விசாரிக்க இயக்குநர் தலைமையில் குழு கூடியது. கற்பூரம் 'மங்கள நிகழ்வு' என்று ஒருமனதாக முடிவானது. நிரலையும் குழு மனமாரப் பாராட்டியது. ஆனால் இனிப்பு மேலிருந்து இறங்குவதுபோல் பழி கீழிருந்து ஏறுவதே இயற்கை என்பதால், குற்றவாளியைக் கடைசி நிலையிலிருந்து தேடத் தொடங்கினார்கள். அங்கேயே சுமுகாவும் வினுதாவும் கிடைத்தார்கள். இருவருக்கும் வேலை போயிற்று.

"சார், அடுத்த மேல்நிலைல எப்ப தேடுவீங்க?" என்று கேட்டான் சுமுகா.

சன்னபசப்பா அவன் தோளில் பரிவோடு கை வைத்தார்.

"தேடின ஆள் கெடைச்சுட்டா அதோட நிறுத்திக்கணும்ப்பா. மேல மேல தேடிட்டே போனா, கடைசில எங்கிட்டதானே வந்து நிக்கும்?"